இந்தோனேசியாவுக்குப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை

(முன்னாள் மாணவர் சங்கத்தின் மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் 2009ஆம் ஆண்டு இயந்திரவியல் பிரிவில் இங்கே படித்து முடித்தவன். நாங்கள் படித்தபோது மதுக்கரை மரப்பாலத்தில் பஸ் மாட்டிக்கொண்டால் முதல் பீரியட் போச்சு என்று அர்த்தம். அப்படிப் போன பீரியட்கள்தான் எனக்கு அதிகம். அப்படிப்பட்டவனை மேடையில் ஏற்றிப் பேசச் சொன்ன செயலாளரின் துணிச்சலைப் பாராட்டுகிறேன்.

விஷயம் இதுதான். செயலாளர் போன் பண்ணி, "நீங்கதான் இந்தோனேசியாவுக்கு அடிக்கடி போயிட்டு வர்றீங்க. நம்ம பேட்ச்காரங்க சில பேர் டிசம்பர்ல குடும்பத்தோட போலாம்னு இருக்காங்க. பசங்களும் அந்தப் பக்கம் வேலை கிடைக்குமான்னு கேக்கறாங்க. அரை மணி நேரம் பேசுங்க" என்றார். ஆகவே முதல் தகவலை இப்போதே சொல்லிவிடுகிறேன். டிசம்பர் வேண்டாமுங்க. ஜாவாவிலும் பாலியிலும் நவம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல மழை. ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரை வெயில் காலம். நம் பிள்ளைகளின் மே மாத விடுமுறைதான் தோதானது.

பூமத்தியரேகையின் மேலே, கிழக்கு மேற்காக ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் நாடு அது. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீரின் வட எல்லை வரை அளந்தால்கூட 3,200 கிலோமீட்டர்தான். 17,000க்கும் மேற்பட்ட தீவுகள். சுமார் 28 கோடி மக்கள். மக்கள்தொகையில் உலகில் நான்காவது இடம். நாட்டுக்குள்ளேயே மூன்று நேரக் கணக்கு. ஜகார்த்தாவில் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி முந்தி, பாலியில் இரண்டரை, கிழக்கே பாப்புவாவில் மூன்றரை. எழுநூறுக்கும் மேற்பட்ட மொழிகள்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். ஜாவா தீவின் பரப்பளவும் நம் தமிழ்நாட்டின் பரப்பளவும் ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். ஆனால் நாம் ஏழு கோடிக்குச் சற்று மேல். அங்கே பதினைந்து கோடிக்கு மேல்! அந்த நெரிசலில் அவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படி இதமாக வாழ்கிறார்கள் என்பதைத்தான் இன்றைக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

பாலியில் நான்கு நாள் தங்கிவிட்டு வந்து "இந்தோனேசியா பார்த்தாச்சு" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கோவளம் கடற்கரையில் குளித்துவிட்டு இந்தியாவைப் பார்த்துவிட்டேன் என்பது மாதிரி.

சரி, இவ்வளவு பெரிய நாடு நமக்கு எவ்வளவு தூரம்? பலரும் நினைப்பதைவிடக் கிட்டம். நம் கிரேட் நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனையிலிருந்து சுமத்ராவின் வடமுனைக்கு இருநூறு கிலோமீட்டர்கூட இல்லை. கோவையிலிருந்து திருச்சி போகும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி பிளந்தபோது, ஆச்சே மாநிலத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன அதே சுனாமிதான், இரண்டு மணி நேரம் கழித்து நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கில் நம்மவர்களையும் கொண்டுபோனது. துக்கத்தில்கூட நாம் அண்டை வீட்டுக்காரர்கள்.

சுமத்ராவில் தோபா என்றொரு ஏரி. நூறு கிலோமீட்டர் நீளம், முப்பது கிலோமீட்டர் அகலம். அது ஏரியல்ல, எரிமலையின் வாய். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்தபோது பறந்த சாம்பல் ஆந்திராவில் ஜ்வாலாபுரம் என்ற ஊரில் இன்றும் அடுக்கடுக்காகக் கிடக்கிறது.

வரலாற்றுக்கு வருவோம். ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடற்படை அனுப்பி ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அவன் வென்றதாகச் சொல்லும் ஊர்களில் ஒன்றான இலாமுரி தேசம் இன்றைய ஆச்சேப் பகுதி. படை போனதை எல்லாரும் பேசுகிறோம். வியாபாரி போனதை யாரும் பேசுவதில்லை. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் பொறித்தது. எதற்கு அவ்வளவு தூரம் போனார்கள்? கற்பூரத்துக்கு. பச்சைக் கற்பூரம் என்று நாம் சொல்லும் பொருளின் பழைய தாயகங்களில் பாருஸ் ஒன்று.

கோவைக்காரர்கள் பெருமைப்பட ஒன்று சொல்கிறேன். 1912இல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். அதே காலத்தில் கிழக்கு ஜாவாவில் டச்சுக்காரர்களின் கரும்பு ஆராய்ச்சி நிலையமும் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. அங்கே 1921இல் உருவான பி.ஓ.ஜே. 2878 என்ற ரகம் உலகப் புகழ் பெற்றது. அந்த ஜாவாக் கரும்பையும் நம் கோ 290 ரகத்தையும் சேர்த்துப் பிறந்ததுதான் கோ 419. தென்னிந்திய வயல்களில் பல பத்தாண்டுகள் கொடிகட்டிப் பறந்த ரகம் அது. அந்தக் காலத்தில் நம் தாத்தாமார் ஆலையாட்டிக் காய்ச்சிய வெல்லத்தில் பாதி ஜாவாவின் இனிப்பு என்று சொன்னால் தப்பில்லை.

மொழியிலும் ஒட்டுறவு உண்டு. அவர்கள் மொழியில் கடைக்குக் 'கெடை'. கப்பலுக்குக் 'கப்பால்'. பெட்டிக்குப் 'பெத்தி'. குளத்துக்குக் 'கோலம்'. காவலுக்குக் 'காவால்'. மாங்காயிலிருந்து போன 'மங்கா' அங்கே மாம்பழம். வியாபாரத்தில் போடும் முதலுக்கு 'மோடால்'. கடையும் கப்பலும் முதலும் போயிருக்கிறது என்றால், போனவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மக்களில் சுமார் 87 சதவீதம் பேர் இஸ்லாமியர்கள். ஆனால் நாட்டின் சின்னம் கருடன். ஜகார்த்தா நகரின் நடுவில் கிருஷ்ணன் தேரோட்ட அர்ச்சுனன் வில் வளைத்து நிற்கும் பெரிய சிலை. முதல் அதிபர் சுகர்ணோவின் பெயரிலேயே கர்ணன் இருக்கிறான். 1950ஆம் ஆண்டு நம் முதல் குடியரசு தின விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்தவரும் அவர்தான்.

இதையெல்லாம் நான் போவதற்கு முன்பே படித்துத் தெரிந்துகொண்டுதான் போனேன். "ரொம்ப நெருக்கமான நாடு, நமக்கு ஒண்ணும் கஷ்டமிருக்காது" என்று நினைத்துக்கொண்டு போனேன். ஆனால் போன பன்னிரண்டாம் நாளே, பேரும் வரலாறும் தெரிந்தால் மட்டும் போதாது என்று புரிந்துகொண்டேன். அதை இந்த மேடையில் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் மாணவர்களுக்காகச் சொல்கிறேன்.

2014ஆம் ஆண்டு. எனக்கு இருபத்தாறு வயது. மத்திய ஜாவாவில் சோலோ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலை. அங்கே ரிங் ஃபிரேம் இயந்திரங்களை நிறுவி, ஓட்டிக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வரவேண்டும். உள்ளூர் ஃபிட்டர்கள் பத்துப் பேர் எனக்குக் கீழே. நாள் குறைவு. ஓட்டிப் பார்ப்பதற்கு முந்தின நாள் கேஜை எடுத்துக்கொண்டு உருளைகளின் இடைவெளியைச் சோதித்தேன். என் கையிலிருந்த வரைபடத்துக்கும் ஒரு ஃபிட்டர் வைத்திருந்த அளவுக்கும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். மெஷின் முழுக்க அப்படித்தான்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. பத்துப் பேர் முன்னால், சுட்டுவிரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, தெரிந்த அரைகுறை மொழியிலும் ஆங்கிலத்திலும், இடையிடையே தமிழிலும் கத்தினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. அவர் சிரித்தார். 'நான் கத்தறேன், இவன் சிரிக்கறானே' என்று இன்னும் கோபம் வந்தது. "நாளைக் காலைக்குள் முழுசும் பிரித்து மாற்றிவை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

மறுநாள் காலை அவர் வரவில்லை. அவரோடு இன்னும் இரண்டு பேர் வரவில்லை. வந்தவர்களும் என் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தார்கள். யாரும் முறைக்கவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. வேலை மட்டும் நகரவில்லை.

சாயங்காலம் ஃபோர்மேன் என்னைக் கேண்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். என் அப்பா வயசு. கண்ணாடி டம்ளரில் சர்க்கரை போட்ட கட்டஞ்சாயா வாங்கிக் கொடுத்தார். அரை மணி நேரம் என் ஊரைப் பற்றி, அப்பா அம்மாவைப் பற்றியே கேட்டார். பிறகுதான் மெல்லச் சொன்னார். "சார், அவர் பயந்துகொண்டு வராமலில்லை, வெட்கப்பட்டுக்கொண்டு வரவில்லை. நேற்று அவர் சிரித்தது கேலிக்கு அல்ல. எங்கள் ஊரில் அவமானம் தாங்காதவன் அப்படித்தான் சிரிப்பான். எங்களுக்குத் திட்டு வாங்குவது பெரிதல்ல. நாலு பேர் முன்னால் வாங்குவதுதான் பெரிது. இங்கே ஒரு இடத்தைக் காட்டுவதற்கே நாங்கள் சுட்டுவிரலை நீட்டமாட்டோம், கட்டைவிரலால்தான் காட்டுவோம்."

அப்புறம் என்னை மெஷினுக்குக் கூட்டிக்கொண்டு போய் கியர் பக்கத்துக் கதவைத் திறந்தார். உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. திருத்திய வரைபடம். நான்கு நாளைக்கு முன் மின்னஞ்சலில் எனக்கும் வந்திருக்கிறது, நான் திறந்து பார்க்கவில்லை. அந்த ஃபிட்டர் வைத்திருந்த அளவுதான் சரி. என் கையிலிருந்ததுதான் பழசு.

அன்று இரவே ஃபோர்மேனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அவர் வீட்டுக்குப் போனேன். நெல்வயலும் கரும்புக்காடுமாக நம் கோபி, சத்தி பக்கம் மாதிரியே இருந்தது. ஓட்டு வீடு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை, உட்காரச் சொன்னார். முதலில் டீ. பிறகு அவருடைய அம்மா ஒரு தட்டில் பொரித்த தெம்பே கொண்டுவந்து வைத்தார். சோயா மொச்சையைப் புளிக்கவைத்துக் கட்டியாகச் செய்வது தெம்பே. தொட்டுக்கொள்ளச் சட்னி மாதிரி சம்பல். "இதில் தெராசி போடவில்லை" என்று மகனிடம் சொல்லி என்னிடம் சொல்லவைத்தார். தெராசி என்றால் இறால் விழுது. நான் சைவம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கேண்டீனில் நான் சம்பலை ஒதுக்கி வைப்பதைப் பன்னிரண்டு நாளும் மகன் கவனித்திருக்கிறார். வீட்டில் வந்து சொல்லியிருக்கிறார்.

நான் அதுவரை அவர் பெயரைக்கூடச் சரியாகக் கேட்டு வைத்திருக்கவில்லை.

"மாஆஃப், மாஸ்" என்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா என்று பொருள். "தப்பு என்னுடையது, நாளைக் காலையில் எல்லார் முன்னாலும் சொல்கிறேன்" என்றேன். "தீடாக் அப்பா-அப்பா" என்றார். ஒன்றுமில்லை, பரவாயில்லை என்று அர்த்தம். மறுநாள் மூவரும் வந்தார்கள். சொன்னபடி எல்லார் முன்னாலும் சொன்னேன். மெஷின் குறித்த நாளில் ஓடியது. அதை ஓட்டியது நானல்ல, அவர்கள்.

நண்பர்களே, நான் ஏன் இவ்வளவு நேரம் இதைச் சொல்கிறேன் என்றால், நாம் கொங்கு நாட்டுக்காரர்கள். ஊர் ஊராக நம்மைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? "கோயமுத்தூர்க்காரங்க மரியாதையானவங்க, வாங்க போங்கன்னு பேசுவாங்க" என்கிறார்கள். என் அம்மிச்சி ஆடு மேய்க்க வரும் பையனைக்கூட "வாங்க கண்ணு, சோறு உண்டீங்களா" என்றுதான் கேட்பார். அந்த வீட்டில் வளர்ந்த நான், கையில் ஒரு கேஜும் கழுத்தில் ஓர் அடையாள அட்டையும் வந்ததும் அந்த 'ங்க'வை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

ஜாவா மொழியில் மரியாதைக்கென்று தனியாக ஒரு பேச்சே உண்டு. சமவயதுக்காரரிடம் பேசுவது 'ங்கோகோ'. பெரியவர்களிடமும் புதியவர்களிடமும் பேசுவது 'க்ரோமோ'. விகுதி மட்டுமல்ல, சொற்களே மாறும். பொது மொழியான இந்தோனேசிய மொழியில் அவ்வளவு சிக்கல் இல்லை. ஆண்களைப் 'பாக்', பெண்களை 'பூ' என்று கூப்பிட்டால் போதும். அப்பா, அம்மா என்பதன் சுருக்கம். கொஞ்சம் இளையவர்களை ஜாவாவில் 'மாஸ்', 'ம்பாக்', அதாவது அண்ணன், அக்கா. பெயருக்கு முன்னால் இதைச் சேர்க்காமல் யாரையும் கூப்பிடாதீர்கள். டாக்சி ஓட்டுகிறவரை, டீக்கடைக்காரரை, ஓட்டலில் துடைக்கிறவரை, எல்லாரையும்.

இனி, குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சில விவரங்கள்.

முதலாவது, எங்கே போவது? கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் போவது சுலபம். சிங்கப்பூரிலிருந்து ஜகார்த்தா இரண்டு மணி நேரத்துக்குள். ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் பாலியோடு ஜாவாவின் யோக்யகார்த்தாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு அதிசயங்கள் உண்டு. ஒன்று போரோபுதூர். ஒன்பதாம் நூற்றாண்டு பௌத்தப் பெருங்கோயில், 504 புத்தர் சிலைகள், உச்சியில் துளையிட்ட 72 தூபிகள். மேலே ஏற நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். இன்னொன்று பிரம்பனான் சிவன் கோயில், 47 மீட்டர் உயரம். சுற்றுச்சுவரில் ராமாயணச் சிற்பங்கள். கோயிலைப் பின்னணியாக வைத்து 1961 முதல் ராமாயண நாட்டிய நாடகம் நடத்துகிறார்கள். ஆடுபவர்களில் பலர் இஸ்லாமியர்கள். பக்கத்திலேயே சோலோவில் பாத்திக் துணி பார்க்கலாம். மெழுகால் எழுதிச் சாயம் தோய்க்கும் அந்தக் கலையை 2009இல் யுனெஸ்கோ அங்கீகரித்தது. நம் ஜவுளிக்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டியது.

பத்து நாள் இருந்தால் சுமத்ராவின் மேடானுக்குப் போங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களின் சந்ததி அங்கே இருக்கிறது. அவர்கள் 1884இல் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றும் ஊர் நடுவில் நிற்கிறது. வேளாங்கண்ணி மாதாவுக்கும் 2005இல் ஒரு பெரிய கோயில் எழுப்பியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட நம் தண்டுமாரியம்மன் வாசலில் நிற்பது போலவே இருக்கும். அங்கிருந்து தோபா ஏரி சாலை வழியாகச் சில மணி நேரம்.

பொறியியல் மாணவர்கள் ஜகார்த்தாவிலிருந்து பாண்டுங்குக்கு ரயிலில் போய்ப் பாருங்கள். 2023 அக்டோபரில் தொடங்கிய அதிவேக ரயில் மணிக்கு 350 கிலோமீட்டர் வரை ஓடுகிறது. 142 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். பாண்டுங்கில் இறங்கினால், 1955இல் நேருவும் சுகர்ணோவும் ஆசிய ஆப்பிரிக்க மாநாடு நடத்திய மண்டபம் இருக்கிறது.

இரண்டாவது, விசா. சுற்றுலாவுக்கு இந்தியர்களுக்கு அங்கே இறங்கியதும் விசா தருகிறார்கள், இணையத்திலும் முன்கூட்டியே எடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபியா, முப்பது நாள், ஒரு முறை நீட்டிக்கலாம். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பாலிக்குப் போகிறவர்களிடம் 2024 பிப்ரவரி முதல் தனியாக ஒன்றரை லட்சம் ரூபியா வரி வாங்குகிறார்கள். லட்சம் என்றதும் பயப்படாதீர்கள். நம் ஒரு ரூபாய் ஏறத்தாழ 180 ரூபியா. அங்கே போய் இறங்கினால் எல்லாருமே கோடீஸ்வரர்கள்தான். பூஜ்ஜியத்தை மட்டும் எண்ணிக் கொடுங்கள்.

மூன்றாவது, சாப்பாடு. சைவம் கஷ்டம் என்பார்கள். அப்படியில்லை. தெம்பே, தாஹு என்ற சோயாக் கட்டி, நிலக்கடலைச் சாறு ஊற்றிய காய்கறிக் காதோ-காதோ, எல்லாத் தெருவிலும் உண்டு. 'தன்ப்பா தெராசி' என்ற இரண்டு வார்த்தையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இறால் விழுது இல்லாமல் என்று பொருள். குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள்.

நான்காவது, சில்லறை விஷயங்கள். மின்சாரம் நம்முடைய அதே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆனால் பிளக் வேறு, இரண்டு உருண்டை முனை. ஓர் அடாப்டர் எடுத்துப்போங்கள். வண்டி நம்மைப் போல இடப்பக்கம்தான். ரம்ஜான் பண்டிகையை ஒட்டிய நாட்களில் ஜாவாவே சொந்த ஊருக்குக் கிளம்பும், ரயிலிலும் சாலையிலும் இடம் இருக்காது. பாலியில் மார்ச் மாத வாக்கில் வரும் 'நியெப்பி' என்ற மௌன நாளில் விமான நிலையத்தையே ஒரு நாள் முழுக்க மூடிவிடுவார்கள். யாரும் தெருவில் நடமாடக் கூடாது. தேதி பார்த்துப் போங்கள். சுமார் 130 எரிமலைகள் உயிரோடிருக்கும் நாடு அது. மலையேற வேண்டாம் என்று உள்ளூர்க்காரர் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை. போதைப்பொருளுக்கு மரண தண்டனை வரை உண்டு. யாருடைய பெட்டியையும் 'கொஞ்சம் வெச்சுக்குங்க' என்றால் வாங்காதீர்கள்.

மாணவச் செல்வங்களே, வேலை தேடுகிற உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "விசிட்டிங் விசாவில் போய் இறங்கிடு, அப்புறம் மாத்திக்கலாம்" என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். சுற்றுலா விசாவில் ஒரு நட்டைத் திருகினாலும் அங்கே குற்றம். நிறுவனம் எடுத்துத் தரும் வேலை அனுமதி கைக்கு வந்த பிறகுதான் கிளம்ப வேண்டும். தென்கிழக்காசியாவில் வேலை என்று நம்பிப் பணம் கட்டி, கம்போடியாவிலும் மியான்மரிலும் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய தமிழ்ப் பையன்களின் கதை உங்களுக்குத் தெரியும். முகவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவானவரா என்று முதலில் பாருங்கள். பதிவில்லை என்றால் அவர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

வேலை கிடைத்துப் போனால், மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்துதான், உச்சரிப்பு எழுதியபடி. காலத்துக்கேற்ப வினைச்சொல் மாறாது. பன்மைக்கு ஒரே சொல்லை இரண்டு தடவை சொன்னால் போதும். ஓராங் என்றால் ஆள், ஓராங்-ஓராங் என்றால் ஆட்கள். மூன்று மாதத்தில் சமாளிக்கலாம். எந்தக் கருவியை எடுத்துப்போக மறந்தாலும் அங்கே வாங்கிக்கொள்ளலாம். மரியாதையை மட்டும் இங்கிருந்தே எடுத்துப்போக வேண்டும்.

முடிக்கும் முன் ஒன்று. அந்த ஃபிட்டர் 2018இல் பயிற்சிக்காகக் கோவைக்கு வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மிச்சிக்கு அப்போது எண்பது வயது தாண்டிவிட்டது. அவர் எந்த நாடு, என்ன மதம், ஒன்றும் தெரியாது. வாசலிலேயே, "வாங்க கண்ணு, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்றார். நாலு தடவை கேட்ட பிறகு அந்த மனிதர் என்னைப் பார்த்து, "எல்லா வார்த்தைக்கும் கடைசியில் ஒரே சத்தம் வருகிறதே, அது என்ன?" என்றார். "அது எங்க ஊரு மரியாதை. உங்க க்ரோமோ மாதிரி" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "உங்க ஊர்லயும் இது இருக்குதா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எந்த வகை என்று எனக்கு அப்போது புரிந்தது. அது கேலியும் இல்லை, அவமானமும் இல்லை, பழைய கடனைத் தள்ளுபடி செய்கிற சிரிப்பு. இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. இருந்ததைத்தானே நான் எடுத்துக்கொண்டு போகாமல் விட்டேன்!

நீங்கள் போகும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்க. போயிட்டு வந்து சங்கத்துல சொல்லுங்க.